ஸ்கூல் பசங்க நிதி திரட்டுறது, சேவைக்குப் போறது இதெல்லாம் உண்மையிலேயே யாருக்காவது உபயோகமா இருக்கா?

கண்டிப்பா உபயோகம்தாங்க, ஆனா வசூலுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே யாருக்குக் கொடுக்கப் போறோமோ அவங்ககிட்ட போய் "உங்களுக்கு என்ன தேவைப்படுது"னு பசங்களே கேட்டுட்டு வரணும். டீச்சரா இருந்துகிட்டு பசங்களோட இந்த வேலைய பல வருஷமா செஞ்சுட்டு வர்றேன், அதுல பாத்தத வச்சுதான் சொல்றேன்.

ஒரு முதியோர் இல்லத்த எடுத்துக்கோங்க, யார் போனாலும் போர்வையும் பழைய துணியும்தான் கொண்டு போவாங்க, அங்க அத வைக்கவே இடம் இருக்காது. உக்காந்து பேசினாதான் பெரியவங்களுக்கான டயப்பர் பத்தல, ரெண்டு பேருக்கு கண்ணாடி பவர் மாத்தணும், சாயங்காலம் பேப்பர் படிச்சுக் காட்ட ஆள் இல்லனு தெரிய வரும். கடைசி விஷயத்துக்கு பணமே வேணாம் பாருங்க, எட்டாங் கிளாஸ் பசங்க ரெண்டு பேர் போதும்.

கனடாவுல ரையன் ரெல்ஜாக்னு ஒரு பையன், 1998ல ஒண்ணாங் கிளாஸ் படிக்கிறப்ப, 70 டாலர் இருந்தா ஆப்பிரிக்காவுல ஒரு கிணறு போட்டுடலாம்னு டீச்சர் சொன்னத கேட்டுட்டு வீட்டு வேலையெல்லாம் செஞ்சு மாசக்கணக்கா அந்தக் காச சேத்தான். கொண்டு போய் கொடுத்தப்பதான் அது கை பம்புக்கு மட்டும்தான் ஆகும், கிணறு தோண்ட 2000 டாலர் ஆகும்னு தெரிஞ்சுது. அவன் விடல, இன்னும் வேலை செய்யறேன்னு ஆரம்பிச்சு மத்தவங்களும் சேந்து 1999ல உகாண்டாவுல ஒரு ஆரம்பப் பள்ளி பக்கத்துல கிணறு வந்துச்சு. ஆறு வயசுப் பையன்கிட்ட உண்மையான செலவு இவ்ளோனு மறைக்காம சொன்னாங்களே, எனக்கு அதுதான் பெருசா படுது.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப முக்கியம். எந்த கிளாஸ் அதிகமா வசூல் பண்ணுதோ அதுக்கு பரிசுனு போட்டி வைக்கறத தயவுசெஞ்சு நிறுத்துங்க. கவர கொடுத்து வீட்ல காசு வாங்கிட்டு வானு அனுப்புறோம், வீட்ல கேக்கவே முடியாத பிள்ளை அந்த ஒரு வாரமும் எப்படி ஸ்கூலுக்கு வரும்னு யோசிக்கறோமா? வெறும் கவரோட வந்த பிள்ளையோட பேர கிளாஸ்ல சத்தமா படிக்கறத பாத்திருக்கேன், இன்னும் மனசு ஆறல. அதுக்குப் பதிலா பழைய பேப்பர் சேத்து விக்கலாம், படிச்சு முடிச்ச புத்தகங்கள விக்கலாம், டிக்கெட் போட்டு ஒரு நாடகம் போடலாம். இதுல எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி பங்கு இருக்கும், உழைப்புக்குதான் கணக்கு.

கட்டாயமா வைக்கலாமானும் கேக்கறாங்க. கனடாவுல ஒண்டாரியோ மாகாணத்துல ஹைஸ்கூல் முடிக்கணும்னா 40 மணி நேரம் சமூக சேவை செஞ்சாகணும். கட்டாயத்துல போனாலும் ஒரு சில பசங்களுக்கு அங்க பிடிச்சுப் போய் தொடர்ந்து போவாங்க, மத்தவங்க கையெழுத்து வாங்கறதோட சரி. நான் மணிக்கணக்கு பாக்க மாட்டேன், ஒரே இடத்துக்கு திரும்பத் திரும்ப அனுப்புவேன், அப்பதான் அங்க இருக்கறவங்களுக்கும் பிள்ளைகளோட பேரு தெரியும்.

பாதுகாப்புக்கு சிலது: உண்டியல் சீல் வச்சதா இருக்கணும், பெரியவங்க ரெண்டு பேர் முன்னாடிதான் பிரிச்சு எண்ணணும். பிள்ளைங்கள தனியா வீடு வீடா அனுப்பாதீங்க. வாங்குறவங்க முகத்த போட்டோ எடுத்து குரூப்ல போடாதீங்க, அவங்களுக்கும் மானம் இருக்கு. கணக்கு நோட்ட பசங்களே எழுதட்டும், எவ்ளோ வந்துச்சு எதுக்குப் போச்சுனு நோட்டீஸ் போர்டுல ஒட்டணும். தேவைக்கு மேல பணம் மிஞ்சினா என்ன பண்றதுங்கறத மட்டும் வசூலுக்கு முன்னாடியே பசங்கள உக்கார வச்சு பேசி எழுதி வச்சுடுங்க, பணம் கைக்கு வந்தப்புறம் பேசினா கண்டிப்பா சண்டைதான் வரும்.