இரவல் டிரம்ஸில் வாசித்த பிறகு மணிக்கட்டு வலி

கேள்வி: வயது 26. மேடைகளில் டிரம்ஸ் வாசிக்கிறேன். போன வாரம் ஒரு நிகழ்ச்சியில் இன்னொரு டிரம்மரின் செட்டில் ஒன்றரை மணி நேரம் வாசித்தேன். அவர் என்னைவிட நல்ல உயரம். இரவல் பொருள் என்பதால் எதையும் நகர்த்தவில்லை. கால்களுக்கு நடுவில் இருக்கும் ஸ்னேர் டிரம்மின் தோல் தளர்ந்திருந்தது, குச்சி சரியாக எழும்பவே இல்லை. மறுநாளிலிருந்து வலது மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் வலி, இடுப்பிலும் பிடிப்பு. அடுத்த வாரமும் அதே செட்தான். வாசிக்கலாமா?

பதில்: குச்சி எழும்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வலியின் காரணம் பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது. இறுக்கமான தோலில் அடித்தால் குச்சி தானாகவே மேலே வரும், விரல்கள் அதை வழிநடத்தினால் போதும். தளர்ந்த தோலில் ஒவ்வொரு அடிக்கும் குச்சியை நீங்களே தூக்க வேண்டும். அப்போது கட்டைவிரல் நம்மை அறியாமலே இறுக்கிப் பிடிக்கும். அந்த விரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டு ஓரத்தில் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. உறை உரசித் தடித்தால் வலி வரும். 1895-ல் இதை விவரித்த சுவிஸ் அறுவை மருத்துவரின் பெயரால் 'டி குவெர்வெய்ன்' என்கிறோம். கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மார்களுக்கும் வரும்.

கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடியுங்கள். மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். லேசாக இழுப்பது எல்லோருக்கும் உண்டு. இடது கையைவிட வலது கையில் சுரீரென்று வலித்தால் இதுவாக இருக்கலாம். மருத்துவரிடம் நேரில் காட்டி உறுதி செய்யுங்கள். அப்படியானால் அடுத்த வார நிகழ்ச்சியை விட்டுவிடுங்கள். மேடையை விடுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆனால் வலியோடு வாசித்தால் ஓரிரு வாரத்தில் அடங்கக்கூடியது மாதக்கணக்கில் இழுக்கும். கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை அணியுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் 10 நிமிடம், தினம் மூன்று முறை. கட்டைவிரலால் போனைத் தள்ளிக்கொண்டே இருப்பதையும் நிறுத்துங்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் வலி மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

இடுப்புப் பிடிப்புக்கு ஸ்டூல்தான் காரணம் என்று நினைக்கிறேன். உயரமானவரின் ஸ்டூலில் உட்கார்ந்தால் காலால் மிதிக்கும் பெடல் எட்டாது. நுனிக்கு நகர்வோம், பாதம் ஊன்றாது, உடலின் நிலையை முழுக்க முதுகுத் தசைகளே தாங்க வேண்டியிருக்கும். இதற்குப் படுத்தே கிடக்க வேண்டாம், நடமாடுங்கள்.

இரவல் செட்டை மாற்றக் கூடாது என்ற உங்கள் மரியாதை புரிகிறது. ஆனாலும் ஸ்டூல் உயரம், ஸ்னேர் உயரம், சிம்பல் (உலோகத் தட்டு) சாய்வு இந்த மூன்றையும் மாற்றிக்கொள்ளலாமா என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். அவரும் டிரம்மர்தான், புரிந்துகொள்வார். முதலில் போனில் ஒரு படம் எடுங்கள். ஸ்டூல் தண்டில் அவர் வைத்திருந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள்; முடிந்ததும் அந்தக் கோட்டுக்கே திருப்பிவிடலாம். பாதம் பெடலில் படிந்து, இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே இருக்கும்படி உட்காருங்கள். ஸ்னேரை அடிக்கும்போது தோள் தூக்கக் கூடாது. தோலை முறுக்கித் தரச் சொல்ல மனம் வரவில்லையென்றால் உங்கள் ஸ்னேரையே கொண்டுபோங்கள். முடிந்தால் பெடலும் ஸ்டூலும். பல டிரம்மர்கள் இதை வழக்கமாகவே செய்கிறார்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் காது பற்றி ஒரு வார்த்தை. 85 டெசிபலை 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்பது கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். டிரம்ஸ் அதைச் சுலபமாகத் தாண்டும். இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் அணியுங்கள்.

வலி விட்ட பிறகு முதல் நாள் 15 நிமிடம் மட்டும் வாசித்துப் பாருங்கள். மறுநாள் காலை வலி இல்லையென்றால் நேரத்தைக் கூட்டலாம். இரண்டு வாரத்தில் குறையவில்லை, விரல் மரத்துப்போகிறது, அல்லது மணிக்கட்டு சிவந்து வீங்குகிறது என்றால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். கால் மரத்துப் பலமிழந்தாலோ சிறுநீர் கழிப்பதில் சிரமம் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.