‘போதைப்பொருள் எங்கள் வேலை இல்லை’ என்று மாநகர சபை சொல்லலாமா?

கேள்வி: ஐயா, கொழும்பில் ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறோம். தம்பிக்கு 24 வயது. இரண்டு வருடமாக ஐஸ் பழக்கம். எங்கள் தோட்டத்தில் இப்படிப் பல வீடுகள் இருக்கின்றன. நலன்புரிச் சங்கத்தின் சார்பில் மாநகர சபைக்குப் போனோம். பூட்டிக் கிடக்கும் சனசமூக மண்டபத்தில் வாரம் இரண்டு நாள் தமிழில் ஆலோசனை நடத்த இடமும் கொஞ்சம் பணமும் கேட்டோம். “போதைப்பொருள் மத்திய அரசாங்கத்தின் விஷயம், சபைப் பணத்தில் கை வைக்க முடியாது” என்று வாயாலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். வழக்குப் போட்டு வாங்கலாமா? இன்னொன்று. ஒரு தனியார் புனர்வாழ்வு இல்லத்துக்குச் சபையிலிருந்து உதவிப்பணம் எடுக்கலாம் என்று சொல்லி, ஊர்ப் பிரமுகர் ஒருவர் எங்கள் சங்கத்தின் பெயரில் சிபாரிசுக் கடிதம் கேட்கிறார். தம்பியையும் அங்கேயே சேர்க்கலாமாம். அவன் வரமாட்டேன் என்கிறான். “நாங்களே வேனில் வந்து தூக்கிக்கொண்டு போகிறோம்” என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், அதுதான் அவசரம். தூக்கிக்கொண்டு போக விடாதீர்கள். தம்பி வயது வந்தவர். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அவரை ஓரிடத்தில் பூட்டி வைப்பது, நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாலும், தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். பூட்டியவர் மட்டுமல்ல, பிடித்துக் கொடுத்தவரும் பதில் சொல்ல வேண்டி வரலாம்.

போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் என்றே 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதில் இரண்டு வழிதான். ஒன்று, விரும்பிச் சேர்வது. மற்றது கட்டாயச் சிகிச்சை. அதற்குப் பொலிஸார் ஆளை நீதவான் முன் நிறுத்த வேண்டும், வைத்தியர் பரிசோதித்து அறிக்கை தர வேண்டும், அதைப் பார்த்து நீதவான் உத்தரவிட வேண்டும். தனியார் இல்லத்தின் வேனுக்கு இதில் எங்கும் இடமில்லை.

அப்படியானால் பொலிஸுக்கே போய்விடலாமா என்று கேட்பீர்கள். சட்டத்தில் வழி இருக்கிறது, ஆனால் அவசரப்பட்டு அந்தப் பக்கம் போகச் சொல்லமாட்டேன். பொலிஸ் வந்த பிறகு விஷயம் குடும்பத்தின் கையை விட்டுப் போய்விடும். தம்பியின் சட்டைப்பையில் ஏதாவது அகப்பட்டால் அது சிகிச்சைப் பேச்சாக இருக்காது, நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழக்காகிவிடும். அந்தக் கட்டளைச் சட்டத்தை 2022இல் 41ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தி ஐஸையும் உள்ளே கொண்டுவந்தார்கள். 5 கிராமும் அதற்கு மேலும் என்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை பேச்சுப் போகும். வழக்கு இல்லாமல் கட்டாயச் சிகிச்சை உத்தரவு மட்டும் கிடைத்தாலும், ஆள் எங்கே அனுப்பப்படுவார் என்பது உங்கள் விருப்பம் அல்ல. அப்படி அனுப்பப்படக்கூடிய கந்தக்காடு, சேனபுர போன்ற புனர்வாழ்வு நிலையங்களை நடத்துவது அரசாங்கத்தின் புனர்வாழ்வுப் பணியகம். அதற்கான சட்டமூலம் 2022இல் வந்தபோது, போதைக்கு அடிமையானவர்களைத் தவிர வேறு ஆட்களையும் அதற்குள் இழுத்த பகுதிகள் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொல்லி, அவற்றை வெட்டிய பிறகுதான் 2023ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டமாக அது வந்தது. உயர் நீதிமன்றமே அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்த ஒரு விஷயத்தில், ஒரு குடும்பம் யோசிக்காமல் காலை வைக்கக்கூடாது.

அடுத்து அந்தத் தனியார் இல்லம். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சிகிச்சை நிலையம் நடத்தத் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். வரவேற்பறையில் பிரேம் போட்டு மாட்டியிருக்கும் வியாபாரப் பெயர்ப் பதிவும், கம்பனிப் பதிவும், தொண்டு நிறுவனப் பதிவும் அந்த அனுமதி ஆகாது. இராஜகிரியவிலுள்ள கட்டுப்பாட்டுச் சபையிடம் எழுதிக் கேட்டால், இல்லத்தின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அதுவரை சங்கத்தின் கடிதத்தாளில் ஒரு வரிகூட எழுதிக் கொடுக்காதீர்கள். நாளைக்குக் கணக்காய்வில் “இந்த இல்லத்துக்கு ஏன் பணம் போனது?” என்று கேட்டால், பைலில் முதலில் இருப்பது உங்கள் கடிதம்தான். பிரமுகர் அப்போது எங்கே இருப்பார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சரி, இனிப் பணத்துக்கு வருவோம்.

சபையில் உங்களுக்குச் சொன்ன பதிலில் இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள். போதை சிகிச்சைக்குப் பணம் ஒதுக்க வேண்டிய கடமை சபைக்கு இருக்கிறதா என்பது ஒன்று. அப்படி ஒதுக்க அதிகாரம் இருக்கிறதா என்பது வேறு. கடமை இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. இந்தத் தலைப்பில் இவ்வளவு ரூபா ஒதுக்கியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் மாநகர சபையைக் கட்டிப்போடவில்லை. ஆனால் அதிகாரம் இருக்கிறது, தாராளமாகவே இருக்கிறது.

மாநகர சபை சட்டத்தால் பிறந்த ஓர் அமைப்பு. சட்டம் அனுமதித்த காரியத்துக்கு மட்டும்தான் அது செலவழிக்கலாம். ஆகவே சட்டத்தைத் திறந்து பார்க்க வேண்டும். 1947ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, எல்லைக்குள் பொதுச் சுகாதாரம் சம்பந்தமான எல்லா விடயங்களையும் ஒழுங்குபடுத்தி நிர்வகிக்கும் பொறுப்பையும், மக்களின் சுகத்தையும் வசதியையும் நலனையும் பேணும் பொறுப்பையும் சபையிடம் கொடுக்கிறது. ‘எல்லா விடயங்களும்’ என்று எழுதிவிட்டுப் போதைப் பழக்கத்தை மட்டும் வெளியே தள்ளவில்லை. போதைக்கு அடிமையாவது ஒரு நோய் என்பதை வைத்தியர்கள் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நோய் என்றால் அது பொதுச் சுகாதாரம்.

“அதற்கென்று மத்திய அரசாங்கத்தில் ஒரு சபை இருக்கிறதே” என்பார்கள். இருக்கிறதுதான். 1984ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த கட்டுப்பாட்டுச் சபைக்குத் தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ ஆகிய இடங்களில் சொந்தச் சிகிச்சை நிலையங்களும் உண்டு. ஆனால் டெங்குவுக்கும் சுகாதார அமைச்சின் கீழ் ஒரு தேசியப் பிரிவு இருக்கிறது. அதற்காக எந்த மாநகர சபையாவது டெங்கு எங்கள் வேலை இல்லை என்று புகை அடிக்காமல் விட்டதா? மத்தியில் ஒரு நிறுவனம் இருப்பதால் உள்ளூரில் எல்லாரும் கை கட்டி நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தமும் இதற்குக் குறுக்கே வரவில்லை. அது உள்ளூராட்சியையும் சுகாதாரத்தின் பெரும்பகுதியையும் மாகாணப் பட்டியலில் வைத்திருக்கிறது, சபைகளுக்கு ஏற்கெனவே இருந்த அதிகாரத்தைப் பறிக்கவில்லை.

உத்தியோகத்தர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவர் சோம்பேறித்தனத்தால் மட்டும் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார். 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் வந்த பிறகு, சட்டத்துக்குப் புறம்பாகச் செலவழித்து நட்டம் ஏற்படுத்தினால் அந்த உத்தியோகத்தர் தன் கையிலிருந்தே கட்ட வேண்டி வரலாம். பழக்கமில்லாத ஒரு தலைப்பில் பணம் கேட்டால் அவருக்குப் பயம் வருவது இயல்பு. அந்தப் பயத்தைப் போக்கும் விதமாகக் கடிதம் எழுதுவதுதான் கெட்டித்தனம்.

வழக்கைப் பற்றி. ‘பணம் ஒதுக்கு’ என்று சபைக்கு ஆணையிடும்படி மேன்முறையீட்டு நீதிமன்றத்திலோ மாகாண மேல் நீதிமன்றத்திலோ எழுத்தாணை கேட்கலாம், ஆனால் தோற்பீர்கள். சட்டப்படி ஒரு கடமை இருந்து அதைச் செய்யாமல் விட்டால்தான் அந்த ஆணை கிடைக்கும். எந்தத் தலைப்புக்கு எவ்வளவு என்பதை நீதவானோ நீதியரசரோ தீர்மானிப்பதில்லை, சபைதான் தீர்மானிக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ‘எங்களுக்கு அதிகாரமே இல்லை’ என்று சபை எழுத்தில் தந்தால், அது சட்டத்தைத் தவறாக விளங்கிக்கொண்டு எடுத்த முடிவு. அதைச் செல்லாதது என்று ரத்துச் செய்து, கோரிக்கையைத் திரும்பப் பரிசீலிக்கும்படி கேட்பதற்கு உங்களுக்கு நல்ல இடம் இருக்கிறது. அதற்குத்தான் எழுத்தில் பதில் வேண்டும் என்கிறேன். வாய்ப்பதிலை நீதிமன்றத்தில் நிரூபித்து ரத்துச் செய்விப்பது கடினம்.

இன்னொரு நிலைமையும் உண்டு. பக்கத்து வட்டாரத்தில் இதே வேலைக்கு மண்டபமும் பணமும் கொடுத்துவிட்டு, உங்களுக்கு மட்டும் காரணமில்லாமல் மறுத்தால், அது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையின் சமத்துவ உரிமையைத் தொடும். அதற்கு 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. பலர் அங்கும் இங்கும் அலைந்து மாதத்தைக் கோட்டைவிட்ட பிறகுதான் புதுக்கடை நீதிமன்றத்துக்கு வருகிறார்கள்.

சரி, எப்படிக் கேட்பது? முதல் விஷயம், சங்கத்தின் கணக்குக்குப் பணம் கேட்காதீர்கள். பணம் என்றதும் கணக்காய்வு, கேள்வி, சந்தேகம் எல்லாம் வரும். மண்டபத்தைக் கேளுங்கள். அது சபையின் சொத்து, பூட்டிக் கிடக்கிறது, திறந்துவிடப் பெரிய செலவில்லை. ஆலோசகரைப் பிரதேச செயலகத்திடம் கேளுங்கள். அங்கே உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், சம்பளத்தை அரசாங்கமே கொடுக்கிறது. மின்சாரம், துப்புரவு, தமிழில் துண்டுப்பிரசுரம், வைத்தியரின் வருகைக்கான கொடுப்பனவு ஆகியவற்றைச் சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களத்தின் செலவுத் தலைப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். அப்போது பணம் உங்கள் கைக்கு வராது, சேவை வரும். ஆலோசனை சொல்லி வைத்தியசாலைக்கு வழிகாட்டுவது வரைக்கும் நில்லுங்கள். ஆட்களைத் தங்கவைத்துச் சிகிச்சை என்று தொடங்கினால் நீங்களும் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும்.

கடிதம் மேயருக்குப் போகட்டும், அதன் பிரதிகள் ஆணையாளருக்கும் பிரதம சுகாதார வைத்திய அதிகாரிக்கும் வட்டார உறுப்பினருக்கும் போகட்டும். 4ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 2023 மார்ச்சிலிருந்து 2025 மே தேர்தல் வரை சபைகளில் உறுப்பினர்களே இல்லை, ஆணையாளர்கள்தான் நடத்தினார்கள். இப்போது வாக்குக் கேட்டு வந்த ஓர் ஆள் இருக்கிறார், அவரைப் பயன்படுத்துங்கள். சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. டிசம்பரில் பாதீட்டு வாக்கெடுப்பு நடக்கும் நேரத்தில் வாசலில் நின்று கூச்சல் போடுவதில் பயனில்லை, ஆகஸ்ட், செப்டம்பரிலேயே தலைப்புக்குள் நுழைந்துவிட வேண்டும். அதைத் தவறவிட்டால், வருட நடுவில் மேலதிகமாகப் பணம் ஒதுக்கும் குறைநிரப்பு மதிப்பீடு என்று ஒரு வழி இருக்கிறது, ஆனால் சபைக்கு மனம் இருக்க வேண்டும். மாகாண சுகாதார அமைச்சுக்கும் ஒரு பிரதி போடலாம். மேல் மாகாண சபையில் 2019 முதல் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இல்லை என்பதால் அங்கே அழுத்தம் கொடுக்க ஆள் குறைவு.

கடிதம் அனுப்பும் அதே நாளில் ஒரு தகவல் கோரிக்கையும் கொடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மாநகர சபைக்கும் பொருந்தும். கடந்த மூன்று வருடங்களில் பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு, மிச்சம் எங்கே போனது, போதைத் தடுப்புக்கு ஏதாவது சபைத் தீர்மானம் இருக்கிறதா, அந்தச் சனசமூக மண்டபம் யார் பொறுப்பில் இருக்கிறது என்று கேளுங்கள். தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடம் மேன்முறையீடு, பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ‘பணமில்லை’ என்று சொல்லும் சபையில் சுகாதாரத் தலைப்பில் செலவழியாத பணம் கிடப்பது காகிதத்தில் வந்துவிட்டால், அப்புறம் உங்கள் பேச்சுக்கு வேறு மதிப்பு.

எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுங்கள், தமிழிலேயே பதில் கேளுங்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அந்த உரிமையைக் கொழும்பிலும் தருகிறது. மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது. ஆலோசனையைத் தமிழில் கேட்பதற்கும் இதே அடிப்படைதான். மனதுக்குள் கிடப்பதைப் புரியாத மொழியில் சொல்லச் சொன்னால் பையன்கள் இரண்டாம் நாள் வரமாட்டார்கள்.

இதெல்லாம் மாதக்கணக்கில் இழுக்கும், தம்பி அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. 1927 என்பது கட்டுப்பாட்டுச் சபையின் தொலைபேசி இலக்கம். கொழும்பு தேசிய வைத்தியசாலையின் மனநலப் பிரிவிலும், முல்லேரியாவிலுள்ள தேசிய மனநல நிறுவனத்திலும் பார்க்கலாம். ஹோர்ட்டன் பிளேஸில் சுமித்ரயோ என்ற தொண்டு நிறுவனத்தின் ‘மெல் மெதுர’ நிலையம் தங்காமல் வந்துபோகிறவர்களுக்கு இலவசமாக ஆலோசனை தருகிறது. அவர் வர மறுத்தாலும் நீங்கள் தனியாகப் போய்ப் பேசலாம். வரமாட்டேன் என்கிறவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று அவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரிந்தது சட்டம் மட்டும்தான்.

சபைக்குப் போடும் கடிதத்தில் தம்பியின் பெயரோ வீட்டு இலக்கமோ வேண்டாம், ‘எமது தோட்டத்திலுள்ள குடும்பங்கள்’ என்று எழுதினால் போதும். எழுத்தில் மறுப்பு வந்தால் அதையும் தபால் ரசீதையும் எடுத்துக்கொண்டு புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே சட்டத்தரணி கட்டணம் கேட்கமாட்டார்கள்.