பிழையின்றிப் படிக்கிறான்; கதையைக் கேட்டால் விழிக்கிறான்

வாசிப்பும் புரிதலும் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பெங்களூரில் வசிக்கும் கல்வி உளவியல் ஆய்வாளர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: என் மகன் ஆங்கில வழியில் நான்காம் வகுப்புப் படிக்கிறான். பாடத்தை ஒரு சொல் தவறாமல் உரக்கப் படிக்கிறான். புத்தகத்தை மூடிவிட்டு என்ன நடந்தது என்று கேட்டால் விழிக்கிறான். இன்னும் நிறையப் படிக்க வையுங்கள் என்கிறார் வகுப்பாசிரியை. இது டிஸ்லெக்சியாவா?
– ஒரு தாய், அல்சூர்

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் இடத்திலேயே சிக்கல் தொடங்கிவிடும். உங்கள் மகன் தடுமாறுவது அதற்கு அடுத்த படியில். பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள். எழுத்தைச் சொல்லாக்கும் திறனை, அதே மொழியைக் காதால் கேட்டு விளங்கிக்கொள்ளும் திறனால் பெருக்கினால் வருவதுதான் வாசிப்புப் புரிதல் என்றார்கள். கூட்டல் என்றால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டிவிடும். பெருக்கலில் ஒரு பக்கம் சுழியானால் விடையும் சுழிதான். மேலும் மேலும் உரக்கப் படிக்க வைப்பது, ஏற்கெனவே நன்றாக இருக்கும் பக்கத்துக்கே உரம் போடுவதாகும்.

ஒன்று செய்து பாருங்கள். அதே பாடத்தை நீங்கள் படித்துக் காட்டி, என்ன நடந்தது என்று கேளுங்கள். அப்போதும் விழித்தால் கதையைத் தமிழில் சொல்லிக் கேளுங்கள். தமிழில் தெளிவாகச் சொல்லிவிடுகிறான் என்றால் குறை ஆங்கிலச் சொல்வளத்தில்தான் இருக்கிறது. தமிழிலும் சொல்ல வரவில்லை என்றால் பேச்சு, மொழி வல்லுநர் ஒருவரிடம் காட்டுவது நல்லது.

இன்னொரு வகைப் பிள்ளைகளும் உண்டு. "மீனா உள்ளே நுழைந்தபோது அவள் புத்தகப்பையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பாட்டி துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்." இந்த இரண்டு வரியில் மழை என்ற சொல்லே இல்லை. பாட்டி ஏன் ஓடிவந்தாள் என்று கேட்டால், "துண்டு எடுத்துக்கொண்டு வந்தாள்" என்று வரியையே திருப்பிச் சொல்லும் பிள்ளைக்குச் சொல் தெரியும், வாக்கியமும் தெரியும்; இரு வாக்கியங்களுக்கு இடையில் எழுதாமல் விட்டதை நிரப்பத்தான் வரவில்லை. பிரிட்டனில் ஜேன் ஓக்ஹில் போன்றோர் இத்தகைய பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார்கள். சரளமாகப் படிப்பதால் வகுப்பில் இவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. உங்கள் கண்ணில் பட்டது நல்லதாயிற்று.

கேள்வி: எம்.ஏ. உளவியல் படிக்கிறேன். வாசிப்புப் புரிதலில் ஆய்வு செய்ய விரும்புகிறேன். 'கிளினிக்கல் (மனநலச் சிகிச்சை) என்றால் நாலு பேர் வருவார்கள், இதில் என்ன இருக்கிறது?' என்கிறார் அப்பா. இந்தத் துறையில் ஒரு வாழ்நாளைச் செலவிடலாமா?
– ஒரு மாணவி, ராமமூர்த்தி நகர்

பதில்: செலவிட்டவர் ஒருவரைச் சொல்கிறேன். வால்டர் கின்ச் 1932இல் ருமேனியாவின் தெமஷ்வாரில் பிறந்து, ஆஸ்திரியாவில் வளர்ந்து, அங்கே பள்ளி ஆசிரியராக இருந்தவர். அமெரிக்காவுக்குச் சென்று 1960இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றினார். நினைவாற்றல் ஆய்வு என்றால் சொற்பட்டியலை மனப்பாடம் செய்ய வைப்பது என்றிருந்த காலத்தில், மனிதர் பட்டியலையா படிக்கிறார், பத்தியை அல்லவா படிக்கிறார் என்று திசை மாறியவர் அவர். டச்சு மொழியியலாளர் டியூன் வான் டைக்குடன் 1978இல் எழுதிய கட்டுரையும், 1988இல் தனித்து எழுதிய கட்டுரையும் இத்துறையில் இன்றும் முதலில் கையில் எடுக்க வேண்டியவை.

அவர் சொன்னதைத் தமிழில் வைத்துப் பார்க்கலாம். 'மாலை' என்ற சொல்லைக் கண்டதும் பூமாலை, அந்திமாலை இரண்டுமே மனத்தில் எழுகின்றன; சுற்றியிருக்கும் சொற்களோடு ஒட்டாதது அரை வினாடிக்குள் அடங்கிப்போகிறது. இப்படித் தாறுமாறாக எழுப்பிவிட்டுப் பிறகு ஒழுங்குபடுத்துவதே புரிதலின் இயல்பு என்பது அவர் கருத்து. அதன் முடிவில் வாசகரிடம் இரண்டு தங்குகின்றன: ஒன்று பத்தி சொன்னது, மற்றொன்று அந்தப் பத்தியையும் தனக்கு முன்பே தெரிந்ததையும் சேர்த்து அவர் மனத்தில் கட்டிக்கொண்ட காட்சி. மேலே சொன்ன மீனா கதையில் துண்டு முதலாவது, மழை இரண்டாவது.

முன்பே தெரிந்தது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று 1979இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்டெஃபன்சன், சித்ரா ஜோக்தேவ், ரிச்சர்ட் ஆண்டர்சன் ஆகியோர் காட்டினார்கள். ஓர் இந்தியத் திருமணத்தையும் ஓர் அமெரிக்கத் திருமணத்தையும் பற்றிய இரு கடிதங்களை இரு நாட்டவரிடமும் படிக்கக் கொடுத்தார்கள். தத்தம் ஊர்த் திருமணத்தை விரைவாகப் படித்து, அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். அமெரிக்க மணப்பெண் பாட்டியின் திருமண உடையை அணிந்திருந்தாள் என்பது அங்கே பெருமை. அதைப் படித்த இந்தியர் ஒருவரோ, உடை பழசாகி நாகரிகம் போயிருந்தது என்று திருப்பிச் சொன்னார். முகூர்த்தத்துக்குக் கூறைப்புடவை புதிதாகத்தான் எடுக்க வேண்டும் என்றிருக்கும் நமக்கு அவரைக் குறை சொல்ல மனம் வருமா?

எனக்கும் இப்படி ஒரு சறுக்கல் உண்டு. தபால்காரர் மணியார்டர் கொண்டுவருவதாகச் சிறு பத்தி ஒன்றை எழுதி ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் எடுத்துச் சென்றேன். "டெலிவரி கொண்டுவந்தால் நாம்தானே காசு கொடுக்க வேண்டும், அவர் ஏன் கொடுக்கிறார்?" என்று ஒரு பெண் கேட்டாள். அந்தப் பத்தி அன்றே குப்பைக்கூடைக்குப் போயிற்று. இந்த வேலையின் அன்றாடம் பெரும்பாலும் இதுதான்: பத்தி எழுதுவது, கிழிப்பது, பிள்ளை திருப்பிச் சொல்வதைப் பதிவு செய்து எழுத்தாக்குவது, அதில் ஒவ்வொரு கருத்துக்கும் இருவர் தனித்தனியே மதிப்பெண் போட்டு, எங்கே ஒத்துப்போகவில்லை என்று பார்ப்பது. பொறுமை இல்லாதவர்களுக்கு ஏற்றதன்று.

அப்பாவின் கவலைக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022ஆம் ஆண்டு விதிகளின்படி முதுகலையில் 55 விழுக்காடு இருந்தால் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். யு.ஜி.சி. நடத்தும் நெட் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் முதலிரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. கிளினிக்கல் உளவியலாளர்களைப் போல இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் (ஆர்.சி.ஐ.) பதிவு செய்வது ஆய்வுக்குத் தேவையில்லை. ஆய்வு நெறியாளரை மட்டும் கவனமாகத் தேர்ந்தெடுங்கள்.

செய்ய வேண்டியது இங்கே நிறைய இருக்கிறது. கன்னடம் படிக்கும் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக், எழுத்துகளைக் கற்பது முதலிரண்டு வகுப்புகளோடு முடியாமல் நான்காம் வகுப்பு வரை நீள்வதை 2007இல் எழுதினார். இருபத்தாறு எழுத்து ஆங்கிலத்தை வைத்துப் போட்ட கணக்கை நம் மொழிகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், பாடமாகக் கன்னடம் என்று வளரும் நம் பிள்ளைகள் உங்களுக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறார்கள்.

கேள்வி: ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் பத்துக் கேள்வி கேட்கிறேன். பலன் குறைவாகவே இருக்கிறது. ஏன்?
– ஓர் ஆசிரியர், சிவாஜி நகர்

பதில்: கேள்வி கேட்பது சோதிப்பது; அது கற்பிப்பது ஆகாது. டோலரஸ் டர்கின் 1970களின் பிற்பகுதியில் அமெரிக்க வகுப்பறைகளில் உட்கார்ந்து நேரத்தைக் குறித்தார். 4,469 நிமிட வாசிப்புப் பாடத்தில், எப்படிப் புரிந்துகொள்வது என்று சொல்லிக்கொடுத்தது 20 நிமிடம் மட்டுமே. 1984இல் அன்மேரி பலின்சரும் ஆன் பிரௌனும் ஒரு மாற்றுவழியை வெளியிட்டார்கள். ஒரு பத்தி முடிந்ததும் அதைச் சுருக்கிச் சொல்லி, அதிலிருந்து ஒரு கேள்வி எழுப்பி, புரியாததைத் தெளிவாக்கி, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது. முதலில் ஆசிரியர் செய்து காட்டுவார், பிறகு பிள்ளைகள் முறை வைத்து ஆசிரியராவார்கள். உங்கள் பத்துக் கேள்விகளில் ஐந்தைப் பிள்ளைகளே எழுதட்டும்.

கேள்வி: எனக்குத் தமிழ் மட்டுமே தெரியும். பேரன் இங்கிலீஷில் படிக்கிறான். நான் என்ன உதவி செய்ய முடியும்?
– ஒரு பாட்டி, அல்சூர்

பதில்: நிறையவே, அம்மா. ஒரு மொழியில் அறிந்த பொருள் மற்றொரு மொழியில் படிக்கும்போதும் கைகொடுக்கும். அவன் இங்கிலீஷில் படித்ததை உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். நடுநடுவே "அப்புறம்?" என்றும், "அவன் ஏன் அப்படிச் செய்தான்?" என்றும் கேளுங்கள். உங்களுக்கு விளங்காத இடத்தில் தலையாட்டிவிடாமல், விளங்கவில்லை என்றே சொல்லுங்கள். அவன் புத்தகத்தைத் திறந்து அந்த இடத்தை மறுபடி படித்துவிட்டு வருவான்.