ஆர்டிஇ லாட்டரில பேர் வந்தும் சீட் மறுத்துட்டாங்களா? ஏஜென்ட்கிட்ட போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கேள்வி: மும்பை தாராவில 90 அடி ரோடு பக்கம் வாடகைக்கு இருக்கோம். ஆர்டிஇ, அதாவது கல்வி உரிமைச் சட்டத்துல ஏழைப் புள்ளைங்களுக்குத் தனியார் ஸ்கூல்ல ஒதுக்குற 25 சதவீத இலவச சீட்டுக்கான லாட்டரில, பொண்ணுக்கு சயான்ல ஒரு இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல்ல முதல் வகுப்பு கிடைச்சது. பேப்பர் செக் பண்ற கமிட்டில, வாடகை அக்ரிமென்ட் நோட்டரி போட்டது, செல்லாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஃபார்ம் போட்டுக் குடுத்த கடைக்காரர் 20,000 குடுத்தா மேல பேசி முடிச்சுத் தரேன்னு சொல்றார். குடுக்கலாமா, அப்பீல் பண்ணலாமா?

பதில்: ஒரு பைசா குடுக்காதீங்கம்மா. லாட்டரி மொத்த மகாராஷ்டிராவுக்கும் சேர்த்து கம்ப்யூட்டர்ல எடுக்குறது, உங்க பேர் ஏற்கனவே வந்தாச்சு, இனி அந்த ஆள் எதைப் பேசி முடிக்கப் போறார்? கமிட்டில யாரையாவது தெரியும்னு சொல்லுவார், சீசன் முழுக்க இப்படி பத்து பேர்கிட்ட வாங்குவார், அதுல ரெண்டு பேருக்குத் தானா கிடைச்சுரும், அதை வச்சு அடுத்த வருஷம் கடை ஓடும்.

முதல்ல, மறுத்ததை எழுத்துல வாங்குனீங்களா? உங்க லெட்டரைப் பாத்தா வாயால சொன்ன மாதிரிதான் தெரியுது. வாயால சொன்னதுக்கு அப்பீலே கிடையாது. நாளைக்கே போய், என்ன காரணத்துக்காக மறுத்தீங்கன்னு எழுதித் தாங்கன்னு கேளுங்க, தர மாட்டேன்னா நீங்களே மராத்தில ஒரு பக்கம் எழுதி (எழுதத் தெரிஞ்ச பக்கத்து வீட்டுப் பசங்க போதும்) ரெண்டு காப்பி எடுத்துட்டு ஆஃபீஸ்ல ஆவக்-ஜாவக் டேபிள்ல (வர்ற, போற லெட்டரைப் பதிவு பண்ற இடம்) குடுங்க, ஒரு காப்பில சீல் குத்தி நம்பர் போட்டுத் தருவாங்க. அந்த நம்பர் இல்லாம அங்கேர்ந்து நகராதீங்க. "வச்சுட்டுப் போங்க, பாத்துக்கறோம்"னா வைக்காதீங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். நோட்டரி அக்ரிமென்ட்டைக் காப்பாத்த சண்டை போட்டா தோப்பீங்க, ஏன்னா விதி அவங்க பக்கம், சப்-ரிஜிஸ்ட்ரார் ஆஃபீஸ்ல பதிவு பண்ணது, அதுவும் அப்ளிகேஷன் போடுறதுக்கு முந்தின தேதில இருந்தாதான் எடுப்பாங்க. இப்ப அவசரமா போய் ரிஜிஸ்டர் பண்ணாலும் தேதி காட்டிக் குடுத்துரும். பழைய தேதில போட்டுத் தரேன்னு ஒருத்தன் வருவான் பாருங்க, அவனை வாசலோட அனுப்புங்க, அது போர்ஜரி, புள்ள அட்மிஷனும் போய் போலீஸ் கேஸும் வரும். குடிசை வீட்டுக்கு ஓனர்கிட்டயே ஒழுங்கான பத்திரம் கிடையாது, அவர் எப்படி சப்-ரிஜிஸ்ட்ரார் முன்னாடி வந்து நிப்பார்னு இந்த விதியை எழுதுனவங்க ஒரு நாளாவது தாராவி சந்துல நடந்து பாத்திருக்காங்களான்னு எனக்கு வருஷா வருஷம் எரிச்சல் வருது. ஏழைப் புள்ளைங்களுக்குன்னு போட்ட சட்டத்துல ஏழைங்ககிட்ட இல்லாத பேப்பரைத்தான் கேக்குறாங்க.

ஆனா வழி இருக்கு. அட்ரஸ் ப்ரூஃபுக்கு வாடகை அக்ரிமென்ட் மட்டும்தான்னு எங்கயும் இல்ல. ரேஷன் கார்டு, ஆதார், வோட்டர் ஐடி, டிரைவிங் லைசன்ஸ், பாஸ்போர்ட், அரசு பேங்க் பாஸ்புக், கரன்ட் பில் இதுல எதாவது ஒண்ணு அப்பா இல்ல அம்மா பேர்ல, ஃபார்ம்ல போட்ட அதே அட்ரஸ்ல இருந்தா போதும். உங்க ஆதார் எந்த அட்ரஸ்னு நீங்க எழுதவே இல்ல. தாராவி அட்ரஸ்னா நாளைக்கே அதை வச்சு மனு போடுங்க, இதைத்தான் அப்பீலோட முதல் வரியா எழுதணும். இன்னும் திருநெல்வேலி மாதிரி சொந்த ஊர் அட்ரஸ்லயே இருந்தா கஷ்டம்தான், நம்ம ஆளுங்க பாதிப் பேர் ஊர் ரேஷன் கார்டு போயிருமேன்னு மாத்தாமலே இருக்காங்க. அப்போ பாஸ்புக்கையும் வோட்டர் கார்டையும் தேடுங்க. இந்த வருஷ சர்க்குலர் ஆர்டிஇ போர்ட்டல்ல மராத்தில இருக்கும், அதுல உள்ள லிஸ்ட்டை பிரின்ட் எடுத்து உங்ககிட்ட இருக்கற பேப்பரோட பேர்ல கோடு போட்டு மனுவோட சேருங்க.

மனுவை யாருக்குக் குடுக்கணும்? மும்பைல சில ஸ்கூல் பிஎம்சி (மும்பை மாநகராட்சி) கல்வித் துறைக்குக் கீழ, சிலது மாநில அரசோட எஜுகேஷன் இன்ஸ்பெக்டருக்குக் கீழ. உங்க அலாட்மென்ட் லெட்டரைப் பாத்தா தெரியும். தப்பான ஆஃபீஸ்ல குடுத்தா அங்க இங்கன்னு அலைய விடுவாங்க, அதுக்குள்ள டேட் முடிஞ்சுரும். கல்வி உரிமைச் சட்டம் 32ஆம் பிரிவுல லோக்கல் அத்தாரிட்டிக்கு எழுத்துல புகார் குடுக்கலாம், 3 மாசத்துக்குள்ள முடிவு சொல்லணும், அதுல திருப்தி இல்லன்னா மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையத்துக்கு அப்பீல். 3 மாசம்! ஜூன்ல ஸ்கூல் திறக்குது, இவங்க செப்டம்பர்ல முடிவு சொல்லுவாங்களாம். அதனால 32ஆம் பிரிவுன்னு மனுவுல குறிப்பிடுங்க, ஆனா கமிட்டி கடைசித் தேதிக்குள்ள கையில பேப்பரோட நேர்ல நிக்கறதை விட்டுராதீங்க.

இன்னொரு ஏமாத்து, இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்றேன். "இது போனா போகட்டும், அந்த கான்வென்ட்ல ஆர்டிஇ கோட்டால வாங்கித் தரேன்"னு ஒருத்தர் வருவார். அப்படி ஒரு கோட்டாவே கிடையாது. சிறுபான்மையினர் நடத்துற ஸ்கூலுக்கு கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2014லயே சொல்லிருச்சு, எய்டட் (அரசு நிதி வாங்குற ஸ்கூல்) ஆனாலும் இல்லாட்டாலும். 2025 செப்டம்பர்ல இன்னொரு பெஞ்ச் அந்தத் தீர்ப்பு சரியான்னு சந்தேகப்பட்டு பெரிய பெஞ்சுக்கு அனுப்பச் சொல்லியிருக்கு, ஆனா தீர்ப்பு மாறுற வரைக்கும் பழையதுதான் சட்டம். மும்பைல நம்ம ஆளுங்க ஆசைப்படுற கான்வென்ட்ல நிறைய கிறிஸ்தவ சிறுபான்மை ஸ்கூல்தான். அங்க 25 சதவீத சீட்டுன்னு யாராவது பணம் கேட்டா, இல்லாத சீட்டைத்தான் விக்கிறாங்க.

அப்புறம், ஃபார்ம்ல யாரோட மொபைல் நம்பர் இருக்கு? கடைக்காரர் தன் நம்பரைப் போட்டிருந்தா எஸ்எம்எஸ் எல்லாம் அவருக்குத்தான் போகும், கமிட்டி டேட்டை நீட்டிச்சாகூட உங்களுக்குத் தெரியாது. அப்ளிகேஷன் நம்பரையும் பாஸ்வேர்டையும் இன்னைக்கே வாங்குங்க. குடுக்க மறுத்தா, அவர் பேரையும் மனுவுல எழுதிருவேன்னு சொல்லுங்க, குடுத்துருவார்.

எல்லாம் பண்ணியும் மறுத்தா ஹைகோர்ட் இருக்கு. வக்கீல் ஃபீஸுக்குப் பயப்பட வேண்டாம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, ஹைகோர்ட் சட்டப் பணிகள் குழுவுல கேட்டா வக்கீல் போட்டுத் தருவாங்க. அங்க போகும்போதும் முதல்ல கேக்கறது அந்த சீல் குத்துன காப்பியைத்தான்.