ஹியூ லாரி ஏன் பழைய ப்ளூஸ் பாடல்களையே பாடினார்?

'ஹவுஸ்' தொடரின் டாக்டராக நாம் அறிந்த ஆங்கிலேய நடிகர் ஹியூ லாரியின் முதல் இசைத்தொகுப்பு 2011-இல் வந்த 'லெட் தெம் டாக்'. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து வாசம் வீசும் பழைய ப்ளூஸ் பாடல்கள். முதல் பாட்டில் குரல் வருமுன் பியானோ மட்டும் நெடுநேரம் பேசும், அதைத் தவறவிடாதீர்கள்!

ப்ளூஸ் என்பது அமெரிக்கத் தெற்கில் கறுப்பின மக்கள் உருவாக்கிய இசை. பெரும்பாலும் ஓர் அடியை இருமுறை பாடி, மூன்றாம் அடியில் பதில் சொல்வார்கள். பல பாடல்கள் வாய்வழியே பரவியவை என்பதால், பழையதைத் தன் குரலில் பாடுவதே அங்கே மரபு. வத்தக்குழம்பு ஒன்றுதான், கைப்பக்குவம் வேறு. அப்புறம், ப்ளூஸ் என்றாலே அழுகைப் பாட்டு என்பது சரியல்ல. கேலியும் காதலும் ஆட்டமும் அதில் ஏராளம்.