கடலோரத்தில் மரத்தடிகளை அடுக்கி வீடு கட்டினால் உப்பு தின்றுவிடுமா?

"ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊர்ப் பக்கம் முழு மரத்தடிகளை அடுக்கி வீடு கட்ட ஆசை. உப்புக்காற்றில் இத்துப்போகும், தேக்கில் கட்டினால்தான் கரையான் வராது என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மரவேலை என் தொழில் என்பதால் சொல்கிறேன்.

உப்பு மரத்தைத் தின்னாது. பாம்பனில் கரையேற்றிய பழைய வல்லம் (மரப்படகு) ஏதாவது ஒன்றின் அருகில் போய்ப் பாருங்கள். பலகை திடமாக இருக்கும், துருவேறிய ஆணியைச் சுற்றி மட்டும் கறுத்து நொய்ந்திருக்கும். உப்புக்காற்றிலும் எளிதில் துருப்பிடிக்காத 316 ரக எவர்சில்வர் ஸ்க்ரூவுக்குச் செலவழியுங்கள், பாதிக் கவலை தீர்ந்தது.

மரத்தை அழிப்பது தேங்கும் ஈரம்தான். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை தலைகாட்டாது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் நம்மூர் வாடைக்காற்று மழையைச் சாய்த்து அடிக்கும். அதனால் கூரை இரண்டடியாவது வெளியே நீண்டிருக்கட்டும், புயலில் தூக்காதபடி சுவரோடு இழுத்துக் கட்டியும் இருக்கட்டும். அடித்தடி தரையைத் தொடவே கூடாது, ஒன்றரை அடி உயரம் வேண்டும். கட்டிய வீட்டை வாங்குவதானால் அந்த அடித்தடியின் முனைகளைச் சுத்தியலால் தட்டுங்கள். 'டங்' என்றால் சரி. 'பொத்' என்றால் ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். மாவு மாதிரி இறங்கினால் வீட்டுக்காரர் என்ன விலை சொன்னாலும் கிளம்பிவிடுங்கள்.

தேக்கு விஷயம் பாதி உண்மை. வைரத்தை, அதாவது நடுவிலுள்ள கெட்டி மரத்தை, கரையான் அவ்வளவாகத் தொடாது, அதைச் சுற்றியுள்ள வெளிர்நிற வெள்ளை மரத்தை விடாது. முழுத்தடி என்றால் வெள்ளையும் கூடவே வருகிறது! (பனையில் தலைகீழ்: வைரம் வெளியே, சோறு உள்ளே.) கரையானைத் தடுக்கும் போரேட் (போரான் உப்பு) மருந்து அடிக்கலாம், ஆனால் மழை அதைக் கரைத்துவிடும், மேலே எண்ணெய்ப் பூச்சு வேண்டும். பளபளவென்று வார்னிஷ் அடிக்காதீர்கள், நம் வெயிலில் உரிந்து உள்ளே தண்ணீரைப் பிடித்துவைக்கும்.

தடி காயும்போது வெடிப்பு விழத்தான் செய்யும், சுவர் பலம் போகாது. வானம் பார்த்த வெடிப்பை மட்டும் அடைத்துவிடுங்கள். பச்சை மரமென்றால் எட்டடிச் சுவர் சில அங்குலம் இறங்கும். நிலைக்கு மேலே இடைவெளி விடாவிட்டால் கதவு இறுகிவிடும்.

தீயா? ஓலைக்குடிசையோடு இதைச் சேர்க்காதீர்கள். கனத்த தடி மேலே கரியாகும், அந்தக் கரியே உள்ளே வேகமாக எரியவிடாது.

அப்புறம், "மர வீடுதானே, அனுமதி எதற்கு" என்று யாராவது சொல்வார்கள். கடலோரத்தில் எங்கே கட்டலாம் என்று சொல்லும் கடலோர ஒழுங்குமுறை மண்டல (CRZ) விதி மரம், கான்கிரீட் என்று பார்ப்பதில்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன் மனை எந்தப் பிரிவில் வருகிறது என்று விசாரித்துவிடுங்கள்.