எப்பாக்சி கலந்தாச்சு, எவ்வளவு நேரம் இருக்கு? கேள்வி பதில்

நாகப்பட்டினம், படகு வேலை: அண்ணே, ரெசினையும் அதை இறுக வைக்கிற ஹார்டனரையும் கலந்து பூசுற எப்பாக்சி டப்பாவுல, கலந்த பிறகு 30 நிமிஷம் வரை வேலை செய்யலாம்னு போட்டிருக்கு. சித்திரை வெயில்ல ஒரு லிட்டர் கலந்தேன். பத்து நிமிஷத்துல டப்பா புகையுது. சரக்கு பழசா?

பதில்: சரக்கைக் குறை சொல்லாதீங்க தம்பி. அந்த 30 நிமிஷம் பெரும்பாலும் 25 டிகிரியில, 100 கிராம் கலவையை வச்சு அளந்தது. 10 டிகிரி ஏறினா நேரம் ஏறக்குறைய பாதியாயிடும். அதைவிடப் பெரிய சங்கதி, ரெசினும் ஹார்டனரும் சேரும்போதே சூடு பிறக்குது. ஈர நெல்லை அம்பாரமா குவிச்சா உள்ளே கொதிக்கும்ல, அந்த மாதிரி ஆழமான டப்பாவுல சூடு வெளியேற வழியில்லை. சூடு ஏற ஏற இறுகுறதும் வேகமாகும். கொஞ்சமா கலங்க, கலந்ததும் அகலத் தட்டுல மெலிசா ஊத்திடுங்க. புகையுற டப்பாவைப் படகுக்குள்ள வைக்காதீங்க. வெளியே மணல்ல வச்சிட்டுத் தள்ளி நில்லுங்க.

திருவாரூர்: ஹார்டனரைக் குறைச்சா நேரம் கூடுமா?

பதில்: எப்பாக்சியில ஹார்டனரைக் குறைக்கவே கூடாது. ஜோடி கிடைக்காத ரெசின் எத்தனை நாளானாலும் முழுசா இறுகாது. மெதுவான ஹார்டனர்னு தனியா விற்குது, அதை வாங்குங்க. பைபர் வேலைக்கு வர்ற பாலியெஸ்டர் ரெசின் வேற கதை. அதுல இறுக வைக்கிற கேட்டலிஸ்டை ரெசின் எடைக்கு 1 முதல் 2 சதவீதத்துக்குள்ள கூட்டிக் குறைக்கலாம். ஆனா இறுகுறதை வேகப்படுத்துற கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேரடியா ஒண்ணா ஊத்தவே ஊத்தாதீங்க, வெடிக்கும். கோபால்ட்டை ரெசின்ல நல்லா கலக்கி முடிச்ச பிறகுதான் கேட்டலிஸ்ட். பட்டறையில புதுசா சேர்ற பையனுக்கு முதல் நாளே இதைச் சொல்லிடுங்க.

தஞ்சாவூர்: தரைப்பூச்சு கெட்டியாக ஆரம்பிச்சா தின்னர் ஊத்தலாமா ஐயா?

பதில்: வேண்டாம். இளகின மாதிரி தெரியும், போன நேரம் திரும்பாது. தரையைப் பிடிக்காம பின்னாடி உரிஞ்சு வரும். அந்தக் கலவையை ஒதுக்கிடுங்க.

மயிலாடுதுறை: ஐப்பசி மழையில ரைஸ் மில் ஆபீசுக்கு எப்பாக்சி அடிச்சோம். மேலே மெழுகு மாதிரி பிசுபிசுக்குது. அடுத்த கோட் அடிக்கலாமா?

பதில்: அப்படியே அடிக்காதீங்க. ஹார்டனர்ல இருக்குற அமைன்ங்கிற ரசாயனம் காத்துல உள்ள ஈரத்தோடயும் கரியமில வாயுவோடயும் சேர்ந்து படிஞ்ச படலம் அது. நல்லா இறுகின பிறகு வெதுவெதுப்பான தண்ணி விட்டு நார் போட்டுத் தேய்ச்சுக் கழுவுங்க, காய வைங்க, அப்புறம் உப்புத்தாள். முதல்லயே உப்புத்தாள் போட்டா படலத்தை உள்ளே அழுத்தித் தேய்ச்ச மாதிரி ஆயிடும்.

கும்பகோணம்: டப்பாக்களை ஃப்ரிட்ஜ்ல வைக்கலாமா?

பதில்: நிழல் போதும். குளிர்ந்த டப்பாவைத் திறந்தா நம்ம ஊர்க் காத்துல உள்ளே வேர்த்துடும். கலக்குற கிண்ணத்தை ஐஸ் தண்ணித் தட்டுல வச்சுக்குங்க, உள்ளே ஒரு சொட்டும் தெறிக்காம.